சைட்டுக்கும் சைட்டுக்கும் நடுவே

கட்டுமான இயந்திரங்கள் பொதுச் சாலையில் ஓடுவதை இந்தியாவில் முறைப்படுத்துவது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன்கீழ் 1989-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான். ‘கட்டுமானக் கருவி வாகனம்’ என்ற தனி வகை அந்த விதிகளுக்குள் 2000-ஆம் ஆண்டில்தான் நுழைந்தது. ரப்பர் டயரிலோ, ரப்பர் பட்டை பதித்த சக்கரத்திலோ, இரும்பு உருளையிலோ தன் இன்ஜின் பலத்தில் நகரும் எக்ஸ்கவேட்டர், லோடர், பேக்ஹோ, ரோலர், டம்பர், மோட்டார் கிரேடர், மொபைல் கிரேன், டோசர், ஃபோர்க்லிஃப்ட், தானே ஜல்லி அள்ளிப் போட்டுக்கொள்ளும் கான்கிரீட் மிக்சர் ஆகியவை அதில் அடங்கும். அடிப்படையில் சாலைக்கு வெளியே உழைக்கப் பிறந்தவை. சாலையிலும் ஓடத் தக்கபடி தயாரிக்கப்பட்டவை. இரண்டும் பொருந்தினால்தான் இந்த வகை.

வரையறைக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கிறது. அதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மொத்த ஏற்பாடும் நிற்பது அதன் மேல்தான். இப்படிப்பட்ட இயந்திரம் ‘போக்குவரத்து அல்லாத வாகனம்’ என்கிறது விளக்கம். அது சாலையில் ஓடுவது அதன் முக்கிய வேலையை ஒட்டி நேர்கிற ஒன்று. அதுவும் கொஞ்ச நேரத்துக்கு, மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில். அதாவது, மெஷின் எங்கோ ஒரு வேலைத்தலத்தில் மாதக்கணக்கில் கிடக்கும், எப்போதாவது இடம் மாறும் என்பது சட்டத்தின் கணக்கு.

பெரிய அணைக்கட்டு வேலைக்கோ மெட்ரோ ரயில் வேலைக்கோ அந்தக் கணக்கு சரிதான். மணி வாடகைக்கு ஓடும் ஜேசிபிக்கு அது பொருந்தாது. காலையில் ஓர் ஊரில் வீட்டு அஸ்திவாரம், மதியம் அடுத்த ஊரில் செப்டிக் டேங்க் குழி, பொழுது சாய்வதற்குள் இன்னொரு தோட்டத்தில் சீமைக் கருவேலம் பிடுங்குவது என்று அதன் நாள் போகிறது. சாலைப் பயணம் அந்தத் தொழிலின் அன்றாடப் பகுதி. மெஷினைப் பராமரிப்பவர்களும் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. இன்ஜின் ஓடிய மணியைக் காட்டும் மீட்டரைப் பார்த்துத்தான் வாடகையும் ஆயில் மாற்றமும் சர்வீஸும். எத்தனை கிலோமீட்டர் சாலையில் ஓடியது என்பது யாருடைய ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுமான இயந்திரங்கள் விற்பனையாகும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

எது உள்ளே, எது வெளியே

பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இயந்திரங்களைச் சட்டம் வேறு வேறாகப் பார்க்கிறது. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் ரிக், லாரி சேஸிஸின் மேல் ஏற்றிய கருவி. கம்ப்ரசர் வண்டியும் அப்படியே. லாரி சேஸிஸில் பொருத்திய கிரேனும் அதே கதைதான். மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டு அறிவிக்கை இவற்றைப் போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற பக்கத்தில் வைத்தது. ரெடிமிக்ஸ் கான்கிரீட் சுமக்கும் டிரான்சிட் மிக்சரோ லாரிக் கணக்கில் வரும். அதனால் அது தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும்: எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும்.

அதே அறிவிக்கையில், விதியின் வரையறைக்குள் வரும் கட்டுமானக் கருவி வாகனங்களும் போக்குவரத்து அல்லாத பக்கத்தில் நிற்கின்றன. போக்குவரத்து அல்லாத வாகனம் என்பதால் பெர்மிட் தேவையில்லை. போக்குவரத்து வாகனத்துக்கான அந்தத் தகுதிச் சான்றுச் சுற்றும் அதற்குக் கிடையாது. சொந்தக் காரைப் போல 15 ஆண்டுப் பதிவு. டிரான்சிட் மிக்சரின் பிரேக்கை அரசு அவ்வப்போது பரிசோதிக்கிறது. அதே சாலையில் கான்கிரீட் கொண்டுபோகும், தானே ஜல்லி அள்ளிப் போட்டுக்கொள்ளும் மிக்சருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்த வேறுபாட்டுக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. ‘எப்போதாவது ஓடும்’ என்ற பழைய அனுமானம் மட்டுமே காரணம்.

இரும்புச் செயினில் ஊரும் பெரிய எக்ஸ்கவேட்டர், அதாவது ஊரில் ஹிட்டாச்சி என்றும் பொக்லைன் என்றும் அழைக்கப்படுவது, இந்த வகைக்குள் வருவதே இல்லை. ரப்பரும் இல்லை, உருளையும் இல்லை. ஆகவே அது தன் காலில் பொதுச் சாலையில் நடக்கக் கூடாது. டிரெய்லரில் ஏறித்தான் போக வேண்டும்.

அகலம், உயரம், மின்கம்பி

பொதுவாக ஒரு மோட்டார் வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. கட்டுமானக் கருவி வாகனத்துக்கு, பயண நிலையில், 3 மீட்டர் வரை இடம் கொடுத்திருக்கிறது விதி. சலுகைக்கு விலையும் உண்டு. 2.6 மீட்டருக்கு மேல் நீளும் பகுதியில் முன்னும் பின்னும் மஞ்சள்–கறுப்புப் பட்டை அடிக்க வேண்டும். இரவில் அந்த விளிம்பைக் காட்டச் சிவப்பு விளக்கு வேண்டும். உயரத்துக்கும் இதே முறை: எல்லை 4.75 மீட்டர், 3.8 மீட்டருக்கு மேல் உள்ள பகுதிக்குப் பட்டையும் விளக்கும். நீளம் 12.75 மீட்டர், இரண்டு அச்சுக்கு மேல் உள்ளவற்றுக்கு 18 மீட்டர்.

4.75 என்ற எண்ணை மின்கம்பியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள்படி, தெருவைக் குறுக்காகக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 33 கிலோவோல்ட் வரையிலான உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர். இரண்டு விதியும் முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டால்கூட, இயந்திரத்தின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவே மிஞ்சுவது ஏறத்தாழ ஒரு மீட்டர். கம்பி கோடை வெயிலில் தொய்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை மேலேறுகிறது. கிராமத்துக் கம்பம் சாய்ந்தால் நிமிர்த்த ஆள் வர நாளாகிறது. தோண்டும் கையான பூமை முழுதாக மடக்காமல் இன்னும் நூறு மீட்டர்தானே என்று நகர்த்துகிற ஆபரேட்டருக்கு அந்த ஒரு மீட்டரும் மிஞ்சுவதில்லை.

தயாரிப்பிலேயே இருப்பது

புதிய மாடல் ஒன்று விற்பனைக்கு வருமுன், புனேயின் ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பு அதன் மாதிரியைப் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். பிரேக், ஸ்டியரிங் இரண்டுக்கும் கார், லாரிக்குரிய தரம் அல்லாமல், மண் அள்ளும் இயந்திரங்களுக்கென்றே உள்ள ஐஎஸ்ஓ தரங்கள் எடுத்தாளப்படுகின்றன. புகை விதியும் இவற்றுக்குத் தனி: நான்காம் கட்டம் 2021 ஏப்ரலிலும், ஐந்தாம் கட்டம் 2025 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன.

2020-இல் ஏஐஎஸ் 160 என்ற பாதுகாப்புத் தரம் அறிவிக்கப்பட்டு, 2021 ஏப்ரல், 2024 ஏப்ரல் என இரண்டு கட்டமாக அமலானது. மற்ற வண்டிகளோடு கலந்து பொதுச் சாலையில் ஓடும்போது ஆபரேட்டரின் உயிருக்குப் பாதுகாப்பு என்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. வண்டி உருண்டால் கேபின் நசுங்காத கூடு, மேலிருந்து கல் விழுந்தால் தாங்கும் கூரை, சீட் பெல்ட், ஏறும் படி, கைப்பிடி, அவசர வழி, இருக்கையின் அதிர்வு, இருக்கையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பரப்பு எனப் பலவற்றை அது வரையறுக்கிறது. நல்ல தரம்தான். ஆனால் பட்டியலின் பெரும்பகுதி கேபினுக்குள் இருப்பவரைப் பற்றியது. எதிரே மொபெட்டில் வருபவருக்கு அதில் நேரடியாகப் பயன்படுவது அந்தக் கடைசி அம்சம் மட்டுமே.

ஊரில் ஜேசிபி என்று அழைக்கப்படும் பேக்ஹோ லோடர் ஒன்றைச் சாலைக்குத் தயார்செய்வதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தால், விதியால் எட்ட முடியாத இடம் எதுவென்று புரியும். சுமார் ஏழரை டன் எடை. முன்னால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் மண் கொள்ளும் பக்கெட். பின்னால் மடங்கிய கைபோலத் தோண்டும் பூம். கிளம்புமுன் பின் பூமை நிமிர்த்தி மடக்கி, அது தானாக இறங்காதபடி பூம் லாக்கை மாட்ட வேண்டும். பக்கவாட்டில் திரும்பாதிருக்க ஸ்விங் லாக் பின்னைச் செருக வேண்டும். இரண்டு பக்கக் கால்களையும் முழுக்கத் தூக்க வேண்டும். முன் பக்கெட்டில் ஒட்டிய மண்ணைக் கொட்டிவிட்டு, தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் உள்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் எதிர்ச்சாலை மறையும். தாழ்ந்தால் வேகத்தடையில் பல் குத்தும்.

பிரேக் பெடல் இன்னும் முக்கியம். இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பெடல். சேற்றில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இடுக்கில் திரும்ப இந்த ஏற்பாடு உதவும். சாலையில் ஏறுமுன் இரண்டையும் கொண்டி போட்டு இணைத்தாக வேண்டும். மறந்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதிக்கிற கணத்தில் மொத்த மெஷினும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பும். மாதிரி வண்டியைச் சோதிக்கிறபோது கொண்டி போட்டுத்தான் சோதிக்கிறார்கள். தினசரி நாலு முறை இடம் மாறும்போது அது போடப்பட்டதா என்று பார்க்க ஆபரேட்டரைத் தவிர வேறு யாரும் கிடையாது.

இதைவிடக் கவலைக்குரியது ஹைட்ரா. தொழிலில் அப்படி அழைக்கப்படும் ‘தூக்கிச் சுமக்கும்’ கிரேன் இந்தியச் சாலைகளில் மிகச் சாதாரணம். வளைந்து திரும்பும் உடம்பு. ஓட்டுநருக்கு முன்னால் பல மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் பூம். பூமின் முனை குறுக்குச் சாலைக்குள் நுழைந்த பிறகுதான் ஓட்டுநரின் கண் அந்தச் சாலையைப் பார்க்கிறது. முனையில் கொக்கி தொங்குகிறது. பெயரே சொல்வதுபோல், சில சமயம் கொக்கியில் சுமையும் தொங்குகிறது: கம்பிக்கட்டு, டிரான்ஸ்ஃபார்மர், பழுதான லாரி. சுமை ஊசலாடியபடி பொதுச் சாலையில் போவது வேலையா, பயணமா? விதி பயண நிலையை மட்டும் அளந்து வைத்திருக்கிறது. நகரக் காவல்துறையினர் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு வைப்பதுண்டு. காலைக் கூட்ட நேரத்தில் ஹைட்ராவை நிறுத்திவைக்க இப்போது கையில் இருக்கும் ஆயுதம் அதுவே.

யார் ஓட்டலாம்

மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமம் குறித்த 10-ஆம் பிரிவில் மோட்டார் சைக்கிள், இலகு ரக வாகனம், போக்குவரத்து வாகனம் ஆகியவற்றோடு ரோடு ரோலருக்கும் தனி இடம் இருக்கிறது. சட்டம் எழுதிய காலத்தில் அரசுத் துறைகள் வைத்திருந்த, எல்லோருக்கும் தெரிந்த கட்டுமான இயந்திரம் அதுதான். மற்றவை ‘குறிப்பிட்ட விவரமுள்ள வாகனம்’ என்ற கடைசி உட்பிரிவில் ஒதுங்கியிருக்கின்றன. மத்திய அரசின் சாரதி தளத்தில் லோடர்–எக்ஸ்கவேட்டர், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், போரிங் ரிக், கட்டுமானக் கருவி எனத் தனித்தனி வகைகள் இருக்கவே இருக்கின்றன.

காகிதத்தில் இருக்கும் இந்த வகைகளுக்கும் களத்துக்கும் இடைவெளி அதிகம். ஆபரேட்டர்களில் பெரும்பாலோர் ஹெல்பராகச் சேர்ந்து, டீசல் ஊற்றி, கிரீஸ் அடித்து, சாப்பாட்டு நேரத்தில் லீவரைத் தொட்டுப் பழகி மேலே வந்தவர்கள். குழி தோண்டுவதில் பலருக்கு அபாரக் கைத்திறன். உள்கட்டமைப்பு இயந்திரத் திறன் கவுன்சில் வழியாகப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. அது வேலைத் திறனுக்கான சான்று. சாலையில் ஓட்டும் உரிமம் வேறு. எட்டு போடும் தளத்தில் பேக்ஹோவைச் சோதிப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. பூம் லாக்கும் பெடல் கொண்டியும் போடத் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனைதான் தேவை.

விபத்து நடந்தால் முதலில் எழும் கேள்வி உரிமமே. பொது இடத்தில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஓட்டியவரிடம் உரிய வகை உரிமம் இல்லை என்பது காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக எழுப்பும் ஆட்சேபம். இலகு ரக உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மிகாத போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தெளிவுபடுத்தியது. ஆட்டோ, மினி லாரி ஓட்டுநர்களுக்கு நிம்மதி தந்த தீர்ப்பு அது. போக்குவரத்து அல்லாத வாகனமாக நிற்கும் பேக்ஹோவின் ஆபரேட்டர் அதை நம்பிச் சாலையில் இறங்குவது உசிதமில்லை.

டிரெய்லரில் ஏறியவை

செயின் வண்டிக்கு லோபெட் டிரெய்லர்தான் வழி. 20 டன் ரக எக்ஸ்கவேட்டர் ஒன்றின் செயின் அகலம் சுமார் 2.8 மீட்டர். எடையில் சிக்கலில்லை: 2018-இல் அச்சுச்சுமை வரம்பு உயர்த்தப்பட்ட பிறகு பெரிய டிரெய்லர்கள் 49 டன், 55 டன் வரை போகலாம். சிக்கல் அகலத்தில். 2.6 மீட்டரைத் தாண்டும் சுமை அளவு மீறிய சுமையாகி, முன் அனுமதி கேட்கிறது. அனுமதியின்றிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு போனால், 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாய். நாட்டில் மிக அதிகம் புழங்கும் எக்ஸ்கவேட்டர் ரகமே, ஏற்றிய உடனே விதிவிலக்கு தேவைப்படும் சுமையாகிவிடுகிறது. அன்றாடம் நடப்பதற்கு ஒவ்வொரு முறையும் தனி அனுமதி என்றால், அனுமதி வாங்காமல் இரவில் ஓட்டுவதே வழக்கமாகும், நடப்பதும் அதுதான்.

டிரெய்லர் கிராமத்துத் தெருவுக்குள் நுழையாது. மெயின் ரோட்டிலேயே சாய்தளம் இறக்கி, மிச்ச தூரத்தைச் செயினிலேயே நடத்துவார்கள். மனசாட்சியுள்ள காண்டிராக்டர் பழைய டயர்களைச் சாலையின் குறுக்கே போட்டு அதன் மேல் ஏற்றிக் கடத்துவார். அவசரக்காரர் அப்படியே விடுவார். சித்திரை வெயிலில் இளகிய தாரில் செயினின் தடம் வரிவரியாகப் பதிந்து நிற்கும்.

டயர் வண்டியின் சேதம் கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் தெரியும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஆஷோ அமைப்பு நடத்திய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம், சாலையின் தேய்மானம் அச்சுச்சுமையின் ஏறக்குறைய நான்காம் படியில் கூடுகிறது என்பது. அச்சுச்சுமை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. நான்கு டயர் அச்சுக்கான வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தபோதே, வரம்பில் ஓடும் ஓர் அச்சின் தேய்மானம் ஏறத்தாழ 1.6 மடங்காகிவிட்டது. எதிர்எடையோடு இரண்டே அச்சில் நிற்கும் கிரேனும் லோடரும் பஞ்சாயத்துச் சாலையில் என்ன செய்யும் என்பதை இந்தக் கணக்கை வைத்தே ஊகிக்கலாம்.

வேகச் சாலைகளில் திசை வேறு. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றோடு பல அச்சு ஹைட்ராலிக் டிரெய்லருக்கும் தடை வந்தது. மெதுவண்டியும் வேகவண்டியும் ஒரே பாதையில் கலப்பதே ஆபத்து என்பது காரணம். காரணம் நியாயமானது. கனத்த இயந்திரத்தைச் சுமக்கும் டிரெய்லர் அதனால் பள்ளிக்கூடமும் சந்தையும் இருக்கும் சர்வீஸ் சாலைக்கு இறங்குகிறது.

வரியும் வழக்கும்

இந்த இயந்திரங்கள் நீதிமன்றம் ஏறியதெல்லாம் பெரும்பாலும் வரிக்காக. ஒரிசாவின் சுரங்கத்துக்குள் ஓடும் டம்பர்களுக்குச் சாலை வரி உண்டா என்ற கேள்விக்குப் போலானி ஓர்ஸ் வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. சொந்த வளாகத்தைத் தாண்டாத வரை இல்லை என்றது நீதிமன்றம். கேரளத்திலிருந்து போன போஸ் ஆபிரகாம் வழக்கில், எக்ஸ்கவேட்டரும் ரோடு ரோலரும் மோட்டார் வாகனம்தான் என்று 2001-இல் தீர்ப்பானது. விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள் மட்டும் ஓடிய வண்டிகளுக்கு வரி கேட்க முடியாது என்றது 2025 ஆகஸ்ட் தீர்ப்பு. பொதுச் சாலையைப் பயன்படுத்துவதற்கான ஈடுதான் வரி என்பது இந்த வழக்குகளின் ஊடே ஓடும் தர்க்கம். அரைநூற்றாண்டு வழக்காடி வரிக்கு எல்லை கண்டாகிவிட்டது. பாதுகாப்புக்கு அதுபோல யாரும் வழக்காடவில்லை.

ஐரோப்பா எடுத்த வழி

ஐரோப்பிய ஒன்றியத்தில் டிராக்டருக்குப் பொதுவான அங்கீகார முறை இருந்தும், சாலையில் ஓடும் கட்டுமான இயந்திரத்துக்கு இல்லாதிருந்தது. 27 நாடுகளும் தத்தம் விதியை வைத்திருந்தன. ஐரோப்பிய ஆணையம் 2023 மார்ச்சில் பொது விதிக்கு முன்மொழிந்தது. 2024 டிசம்பரில் நிறைவேறி, 2028 ஜனவரி முதல் அமலாக இருக்கிறது. தானே ஓடும் மெதுவேக இயந்திரங்களே அதன் இலக்கு. உச்ச வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டர். பிரேக், ஸ்டியரிங், பார்வைப் பரப்பு, விளக்கு, எடை என்பதோடு, சாலையில் போகும்போது நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களும் அதன் கவனத்தில் வருகின்றன. இந்தியாவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி 2000-இலேயே கிடைத்துவிட்டது. ஐரோப்பாவுக்கு இல்லாத வசதி அது. அதை இயந்திரத்திலிருந்து பயணத்துக்கு நீட்டிக்கப் புதுச் சட்டம் தேவையில்லை: வாடகைக்கு ஓடுபவற்றுக்குக் காலமுறைத் தகுதிச் சோதனை, சாலைப் பயணத்துக்கென்று ஓர் உரிமத் தேர்வு, சாதாரண எக்ஸ்கவேட்டரின் அகலத்துக்கு நிரந்தரமான டிரெய்லர் அனுமதி ஆகிய மூன்றும் விதித் திருத்தத்திலேயே முடியக்கூடியவை.

கட்டுமான இயந்திரங்களால் எத்தனை விபத்து என்ற கேள்விக்குத்தான் ஏட்டில் விடை கிடையாது. மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 சாவுகள். விபத்து எண்ணிக்கையில் 64,105-உடன் தமிழ்நாடு முதலிடம். இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், லாரி, பஸ் எனப் பிரித்துச் சொல்லும் அந்த அறிக்கையில் கட்டுமான இயந்திரத்துக்குத் தனிப் பத்தி இல்லை. சென்னை ஐஐடி உருவாக்கி, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் இந்தக் குறையைத் தீர்க்கக்கூடும். விபத்து நடந்த இடத்தில் போலீஸார் வண்டியின் பதிவு எண்ணைச் செல்பேசியில் இட்டால், வாகனப் பதிவுக்கான வாகன் தளத்திலிருந்து அதன் வகை கிடைத்துவிடும். நம்பர் பிளேட்டே இல்லாமல் சைட்டுக்கும் சைட்டுக்கும் நடுவே ஓடும் மெஷினுக்கு அந்த வழியும் இல்லை.